இஸ்தோப்பில் ஒரு நிலாக் கூத்து



வரும் உந்துவப் போயா இரவில் எங்கள் குடும்பத்தார் ஒரு கூத்து ஆடப் போகிறோம். ஹட்டனுக்கு மேலே, பெரியம்மா இன்னும் குடியிருக்கும் லயத்து வீட்டின் இஸ்தோப்புதான் மேடை. கதை சந்திரயான் 3. 2023 ஒகஸ்ட் 23 ஆம் திகதி மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்முனைப் பக்கமாக விக்ரம் என்ற கலம் கால் ஊன்றிய கதையை, அப்பாயி முதல் நடை பழகும் பேரன் வரை எல்லாரும் சேர்ந்து ஆடுகிறோம். ஜிகினா உண்டு, தப்பு உண்டு, டோர்ச் வெளிச்சம் உண்டு. வேலை தொடங்கிவிட்டது. இந்த மாதப் பக்கத்தை அந்த ஆயத்தத்துக்கே ஒதுக்குகிறேன். டிசெம்பர் விடுமுறையில் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

எந்தக் கதையை எடுப்பது என்று முதலில் வீட்டுக்குள் ஒரு விவாதம். மனிதன் நிலவில் நடந்த அப்பலோ 11 அல்லவா பெரிது என்றார் சித்தப்பா. பெரிதுதான். நீல் ஆம்ஸ்ட்ரோங் நிலவில் காலடி வைத்தபோது இலங்கையில் 1969 ஜூலை 21, காலை 8.26 மணி. நாட்டில் தொலைக்காட்சி வந்ததே 1979 இல்தான். அந்தக் காட்சி நடந்துகொண்டிருந்தபோது அதைக் கண்ணால் காண நம் ஆட்களுக்கு வழியே இருக்கவில்லை. வானொலி இருந்த வீடுகளில் கேட்டிருப்பார்கள். இன்னொன்றையும் சித்தப்பாவுக்கு நினைவூட்டினேன். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. நிலவின் நான்கு நிலைகளை ஒட்டிய போயா நாட்களே வார விடுமுறை. நாடு முழுவதும் நிலாவைப் பார்த்து வாரத்தைக் கணக்கிட்ட அந்தச் சில வருடங்களுக்குள்தான் மனிதன் அதில் போய் நின்றான்!

ஆனாலும் சந்திரயானைத்தான் எடுத்தோம். அந்த மாலையை நம் பிள்ளைகள் நேரில் கண்டார்கள். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். வேலை விட்டு வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கும் பொழுது அது. கையிலிருந்த போனைச் சுற்றி நாலைந்து தலைகள் சேர்ந்த வீடுகள் எத்தனையோ. மேகம் இல்லாத இடங்களில் வெளியே எட்டிப் பார்த்தவர்களுக்கு, பாதிக்குச் சற்றுக் குறைந்த நிலா தலைக்கு மேலே தெரிந்தது. விக்ரம் இறங்கிய இடத்தில் அப்போதுதான் சூரியன் உதித்திருந்தது. நமக்கு அந்தி, அதற்கு விடியல்.

அந்தக் கலத்தின் பின்னால் இருந்தவர்களின் ஊர்களும் நமக்கு அந்நியம் இல்லை. சந்திரயான் 1 இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். சந்திரயான் 2 இன் திட்ட இயக்குநர் வனிதா சென்னையைச் சேர்ந்தவர். சந்திரயான் 3 ஐ நடத்திய ப. வீரமுத்துவேல், விழுப்புரத்தில் இரயில்வே தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். பள்ளி முடித்ததும் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறிச் சென்னை ஐஐடியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழ்நாடு அரசு தந்த 25 இலட்சம் ரூபாப் பரிசை, தாம் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார். சாதாரண தரப் பெறுபேறு கையில் கிடைத்ததும் "இனி என்ன?" என்று முழித்து நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

மண் கதையையும் சொல்லுங்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிலவில் இறங்கும் கலத்தையும் அங்கே உருளும் ஊர்தியையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க, நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் விலை மிக அதிகம். தேடியபோது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அனோர்த்தோசைட் என்ற பாறை கிடைத்தது. நிலவின் மேட்டு நிலங்களில் நிறைந்திருப்பதும் அதே வகைப் பாறைதான். அதை இடித்துப் பொடியாக்கி, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோய், பரப்பி, அதன் மேல்தான் சோதனைகளை நடத்தினார்கள். சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் பாட்டன் பூட்டன் விட்டு வந்த ஊர்களின் பட்டியல் நமக்குத் தெரியும். அந்த மண் நிலவுக்கு ஒத்திகை மேடையாக இருந்தது என்று சொன்னபோது அப்பாயி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்க அப்பாரு அந்தப் பக்கந்தானே" என்றார்.

இனி மேடைக்கு வருகிறேன். நாடகம் என்றதும் பள்ளிக்கூட விழாவைப் போல மைக்கும் திரையும் தேடத் தேவையில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து நடத்தும் மக்கள் நாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் நம் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்பட்டவை. தபசு மரத்தை நட்டு, அருச்சுனன் படிப்படியாக ஏறிப் போவதை மண்ணில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த சனத்துக்கு, ரொக்கெட் ஏறுவதைக் காட்டுவது பெரிய காரியமா? எங்கள் கூத்திலும் ஒரு மூங்கில் கம்பம் உண்டு. ஒரு கயிறு, ஒரு கப்பி, ஈயத்தாள் சுற்றிய ஒரு ரெஜிபோம் ரொக்கெட். 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்த எல்விஎம் 3 ரொக்கெட்டின் உயரம் 43.5 மீற்றர். எங்கள் கம்பத்தால் அதில் ஒரு துண்டுக்குத்தான் ஈடு கொடுக்க முடியும். இருந்தாலும் கட்டியங்காரன் அந்த உயரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

மினுக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்தக் கதைக்கு அது பொருந்தும், ஏனென்றால் விண்கலங்கள் உண்மையாகவே மினுங்குகின்றன. படங்களில் பொன் நிறமாகத் தெரியும் போர்வை பொன்னில்லை. அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்காகத் தைத்தது. அந்தப் பிளாஸ்டிக்கின் மஞ்சள் சாயல்தான் பொன்னாகத் தெரிகிறது. காற்றில்லாத வெளியில் சூரிய வெப்பம் கதிராக மட்டுமே வந்து சேரும். பளபளப்பான தாள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். நமது தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஈயத்தாள் ஒட்டியது ஈரத்தையும் காற்றையும் தடுக்க. வேலை வேறு, தாளின் குணம் ஒன்று. ஆகவே வீட்டில் கிடக்கும் தேயிலைப் பைக்கெட்டுகளின் வெள்ளி உறை, பால்மாப் பைக்கெட்டின் உட்புறம், பிஸ்கட் சுற்றிய தாள் எல்லாவற்றையும் கழுவிக் காயப்போட்டுச் சேருங்கள். பொன் நிறம் வேண்டுமானால் மேலே மஞ்சள் செலோபேன் ஒட்டினால் போதும். உண்மையான கலத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் வீட்டில் அண்ணன் மகள் ஏற்கெனவே ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் எந்த உறையையும் குப்பையில் போட முடியாதபடி காவல் வேறு!

பாத்திரங்களைப் பங்கிட்டபோதுதான் வீடு கலகலத்தது.

"அப்பாயி, நீங்கதான் பூமி. நடுவுல உக்காரணும்."

"சும்மா உக்காந்திருந்தா போதுமா?"

"போதும். நாங்க உங்களைச் சுத்துவோம்."

"அப்ப சரி. இந்த வயசுல என்னையச் சுத்தச் சொல்லிறாதீங்க."

பூமியைச் சுற்றும் இந்தக் காட்சியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அப்பலோ 11 நான்கு நாளில் நிலவை அடைந்தது. சந்திரயானுக்கு 40 நாள். பெரிய ரொக்கெட்டும் நிறைய எரிபொருளும் இருந்தால் நேரே பாயலாம். சிக்கனமாகப் போவதற்கு வேறு வழி இருக்கிறது. ஊஞ்சல் ஆட்டும்போது, அது நம் பக்கம் வந்து திரும்பும் கணத்தில் இலேசாகத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் உயரம் கூடுமல்லவா? அதேபோல், கலம் பூமிக்கு மிக அருகில் வரும்போது இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் இயக்கி, சுற்றுப்பாதையை ஐந்து முறை நீட்டினார்கள். ஒகஸ்ட் 1 ஆம் திகதி நிலவை நோக்கித் தள்ளினார்கள். 5 ஆம் திகதி நிலவு அதைப் பிடித்துக்கொண்டது. டோர்ச்சைப் பிடித்த பிள்ளை அப்பாயியை ஐந்து சுற்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட நீளமாக, கடைசிச் சுற்று முற்றத்தைத் தாண்டி வாழைமரம் வரை போக வேண்டும்.

அந்தச் சுற்றுகளுக்கு நடுவே ஒரு சிறு காட்சியை நான் வேண்டி விரும்பிச் சேர்த்திருக்கிறேன். அதே நாட்களில்தான், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து ஒரு நடைபவனி நடந்தது. ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஒகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்து வந்த பாதையைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்தார்கள். அவர்கள் தார்ச்சாலையில் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே சந்திரயான் பூமியை விட்டு நிலவுக்கு மாறியது. இரண்டு பயணங்களும் ஒன்றையொன்று அறியாமலே நடந்தன. எங்கள் முற்றத்தில் அவை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். டோர்ச் பிடித்த பிள்ளை சுற்றிவர, பெரியம்மாவும் அத்தைமாரும் கம்பளி போர்த்திக்கொண்டு, தலையில் மூட்டையோடு வரிசையாக முற்றத்தைக் கடப்பார்கள். வசனம் எதுவும் இல்லை. தப்பு மட்டும் மெதுவாக ஒலிக்கும்.

தோல்வியை மறைக்காதீர்கள் என்பது இன்னொரு வேண்டுகோள். கூத்தின் தொடக்கமே 2019 செப்டெம்பர் 7 அதிகாலைதான். சந்திரயான் 2 இன் விக்ரம் நிலவை நெருங்கிய கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்து மோதி உடைந்தது. அப்போது இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த கே. சிவன். அவர் கண்கலங்கி நின்றதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. எங்கெங்கே பிழைக்கலாம் என்று ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், முன்பு அரைக் கிலோமீற்றர்ச் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீற்றர் நீளமும் 2.4 கிலோமீற்றர் அகலமும் உள்ளதாக விரித்தார்கள். அது மட்டுமல்ல, 2019 இல் போன தாய்க்கலம் உடையவே இல்லை. நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்து, அடுத்தவன் இறங்குவதற்கான இடத்தைப் படமெடுத்துக் கொடுத்தது. எங்கள் கூத்தில் அந்தத் தாய்க்கலம் என் அண்ணன். முதல் காட்சியிலிருந்தே ஒரு முக்காலியில் ஏறி நிற்பார். கடைசியில் தம்பி வரும்போது கை கொடுப்பார்.

இறங்கும் காட்சிக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: யாரும் எதையும் தொடக்கூடாது. உண்மையில் நடந்ததும் அதுதான். அன்று மாலை 5.44 மணிக்கு இறங்கும் கட்டளைத்தொடர் தொடங்கிய பிறகு, பெங்களூரில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்களே தவிர, கலத்தைக் கையால் ஓட்டவில்லை. ஒரு செக்கனுக்கு 1.68 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்த கலம், தானே வேகத்தைக் குறைத்து, தானே நிமிர்ந்து, தரைக்கு 150 மீற்றர் மேலே தானே நின்று பள்ளம் மேடு பார்த்து, தானே இறங்கியது. கிட்டத்தட்ட 19 நிமிடம். சித்தப்பா தப்பில் நிமிடத்துக்கு ஓர் அடியாக 19 அடி அடிப்பார். நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். பத்தொன்பதாவது அடியோடு தப்பு நின்றுவிடும். நிலவில் காற்றில்லை, ஆகவே ஓசையும் இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை விக்ரமாக நடிக்கும் பிள்ளைதான் தீர்மானிப்பான். அவன் வாயைத் திறந்து "இறங்கிட்டேன்" என்று சொன்ன பிறகு தப்பு எப்படி அதிரும் என்பதை நீங்கள் வந்து கேட்க வேண்டும்.

அதன்பின் பிரக்யான் ஊர்தி. ஆறு சக்கரம், 26 கிலோ. அந்த நிறை ஏறக்குறைய எங்கள் மூன்றாம் வகுப்புக்காரியின் நிறை என்பதால் அந்த வேடம் அவளுக்கே போனது. நிலவின் ஈர்ப்பு இங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு. மடுவத்தில் தொங்கும் சுருள் தராசை அங்கே கொண்டுபோய் இவளை நிறுத்தால் 4 கிலோ சொச்சம்தான் காட்டும். இதைக் கேட்டதும் பெரியம்மா, "அங்க போயி கொழுந்து நிறுத்தா நமக்கு அரைப்பேர்தான் விழும்" என்றார். வாழ்நாள் முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவரின் வார்த்தை அது. அதை அப்படியே வசனத்தில் சேர்த்துவிட்டோம்.

பிரக்யானின் பின்சக்கரங்களில் இந்திய அரசின் சின்னமும் இஸ்ரோவின் சின்னமும் செதுக்கப்பட்டிருந்தன. உருளும்போது மண்ணில் பதிய வேண்டும் என்று. நாங்கள் பழைய செருப்பின் அடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் வெட்டியிருக்கிறோம். அடுப்புச் சாம்பலை இலேசாக ஈரமாக்கிப் பரப்பினால் நிலவுத் தரை தயார். மேலிருந்து சிறு கற்களைப் போட்டால் பள்ளங்கள் அசல் போலவே விழுகின்றன. நிலவின் பள்ளங்களும் கற்கள் விழுந்து உண்டானவைதானே. லயத்துக் கூரையில் பழுதாகிக் கிடக்கும் டிஷ் அன்டெனா இருந்தால் கழற்றிக் கழுவி ஈயத்தாள் ஒட்டி வையுங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் பையலாலுவில் நிற்கும் 32 மீற்றர் அன்டெனாவின் வேடம் அதற்கு.

டிஷ் அன்டெனா என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவை பார்த்து நிற்கும் செய்மதிகள் பூமிக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் மேலே இருக்கின்றன. அந்த உயரத்தில் செய்மதி வைத்தால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். அப்பலோ 11 இறங்கியபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1979 இல் வெளிவந்த 'த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியைக் கற்பனை செய்தார். அதன் அடி எங்கே நிற்கிறது தெரியுமா? நம் சிவனொளிபாதமலையை மாதிரியாகக் கொண்ட மலையின் உச்சியில்! கதைக்காகத் தீவையே பூமத்திய ரேகைக்குத் தள்ளிக்கொண்டு போனார், மலையை விடவில்லை. உந்துவப் போயாவோடு மலைப்பருவம் தொடங்குகிறது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்து வாசகர்களே, அன்றிரவு அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறும் விளக்கு வரிசையைப் பிள்ளைகளுக்குக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்களுக்கு வாய்த்த பின்திரை கொழும்பில் எந்த அரங்குக்கும் இல்லை.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது நெருப்பு. காமன் கூத்தில் மன்மதன் எரிவான் என்பதற்காக ரொக்கெட்டின் வாலில் பந்தம் கட்டாதீர்கள். வெடி, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றினால் லயமே போய்விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. செம்மஞ்சள் செலோபேன் சுற்றிய டோர்ச்சைக் கீழிருந்து அடித்தால் தீ போலவே இருக்கிறது; ரெஜிபோமையும் செலோபேனையும் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

இரண்டாவது உண்மை. உடையில் எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்குங்கள், செய்தியில் மினுக்காதீர்கள். அந்தக் கலத்தில் மனிதர் யாரும் போகவில்லை. அது தென்முனையிலேயே இறங்கவும் இல்லை. சுமார் 69 பாகை தெற்கில், அதுவரை யாரும் மெதுவாகத் தரையிறங்காத அளவு முனைக்கு நெருக்கமாக இறங்கியது. அங்கே மேல்மண்ணின் வெப்பம் 50 பாகைக்கு மேல், 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் உறைநிலைக்கும் கீழ். இந்தச் செய்தியைவிட அதிசயமான பொய்யை நம்மால் உண்டாக்க முடியாது. செப்டெம்பர் 3 ஆம் திகதி விக்ரம் தன் இயந்திரத்தை மீண்டும் இயக்கி 40 சென்ரிமீற்றர் உயரம் எழும்பிப் பக்கத்தில் இறங்கியது. அதற்காகவே எங்கள் பிள்ளை ஒரு குதி குதிப்பான். அடுத்த நாள் உறங்க வைத்தார்கள். நிலவின் நீண்ட இரவு முடிந்து எழுப்பிப் பார்த்தபோது பதில் வரவில்லை. அதையும் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

போயா இரவு என்பதால், கூத்து முடிந்ததும் எல்லாரும் முற்றத்துக்கு இறங்கி நிமிர்ந்து பார்க்கலாம். மூடுபனி விட்டுக்கொடுத்தால் முழு நிலா தெரியும். விக்ரம் நிற்கும் இடம் அதன் தென் விளிம்புப் பக்கம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரல் நீட்டிக் காட்டலாம்.

உங்கள் வீட்டுக் கூத்தின் படத்தையும், பிள்ளைகள் தம் கைப்பட எழுதிய வசனத்தையும், யார் எந்த வேடம் கட்டினார்கள் என்ற விபரத்தையும் எங்களுக்கு அனுப்புங்கள். அப்பலோவை எடுத்தாலும் சரி, 2019 இல் விண்ணுக்குப் போன நம் நாட்டின் முதல் செய்மதி இராவணா 1 ஐ எடுத்தாலும் சரி. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் கையெழுத்தே எங்களுக்கு வேண்டும். ஜனவரி இதழின் நடுப்பக்கங்களை அவற்றுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்